குழி மூடும் முன்

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கின் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு குளம் ஒன்றைத் தேடிப் பக்தர்கள் வருவார்கள். திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலின் கரக விழாவில் அந்தக் குளத்துக்கு ஓர் இடம் உண்டு. விழாவை நடத்தும் திகளர்கள், தமிழ் மண்ணிலிருந்து போய்த் தோட்டப் பயிர் செய்து அங்கேயே நிலைத்துவிட்ட வன்னிகுல சத்திரியர்கள். அவர்கள் முன்னே நின்று கும்பிடும் அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் ஒரு காலத்திய சம்பங்கி ஏரியில் மிச்சம். ஏரியின் மற்ற பாகத்தில் இன்று விளையாட்டரங்கம் நிற்கிறது. மெஜஸ்டிக்கில் பேருந்து பிடிக்க ஓடுகிறவர்களும் தர்மாம்புதி ஏரியின் தரையில்தான் ஓடுகிறார்கள்.

ஏரி வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. விழா அதை மறக்கவில்லை. பெங்களூரின் தண்ணீர்க் கதையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. நீர் எங்கே கிடக்கிறது, எந்த வழியாக எங்கே போகிறது என்ற அறிவு முதலில் மனிதர்களின் நினைவில் இருந்தது. அதைத் தாளில் இறக்கினார்கள். தாளிலிருந்து கணினிக்கு ஏற்றினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கைநழுவிப் போனது.

குழாய் வருவதற்கு முன் இந்த நினைவைச் சுமந்தவர் நீர்கண்டி. ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று பகிர்வதும் அவர் வேலை. தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி என்றும் நீர்பாய்ச்சி என்றும் சொல்லப்பட்டவர் இவரேதான். ஏரியின் ஆழம், கரையின் பலவீனம், வாய்க்காலின் கசிவு எல்லாம் அவருக்கு அத்துப்படி. தந்தையிடமிருந்து மகனுக்குப் போன அறிவு அது. எழுதி வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

1537-இல் கெம்பேகௌடா கோட்டை கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. ஊர் உட்கார்ந்திருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின் மேல். மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது ஏரி ஏரியாக இறங்கி, தமிழ்நாட்டில் தென்பெண்ணை என்று பெயர் பெறும் ஆற்றில் கலந்து ஓசூர் பக்கம் வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் சரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சங்கிலி சங்கிலியாக ஏரி வெட்டியவர்கள் அதைக் கண்ணாலேயே அளந்திருந்தார்கள்.

1875 முதல் 1877 வரை மைசூர் சமஸ்தானத்தை வாட்டிய பெரும்பஞ்சம் ஏரிகளை நம்பும் காலத்தை முடித்துவைத்தது. 1882-இல் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி பெயரால் ஓர் ஏரி எழுந்தது. ஆனால் வளரும் ஊருக்கு அது எந்த மூலைக்கு? பாலக்காட்டில் பிறந்து மைசூர் திவானாக உயர்ந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில்தான் வடமேற்கே ஹெசரகட்டாவில் அர்க்காவதியைத் தேக்கும் திட்டம் வந்தது. 1894-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு மைசூர் மன்னர் சாமராஜேந்திரர் பெயர் வைத்தார்கள். செங்கல் வாய்க்கால் வழியே சோலதேவனஹள்ளிக்கு வந்த நீரை நீராவி எந்திரங்கள் மேலே தள்ளின. 1896-இல் குழாயில் தண்ணீர் வந்தது.

அன்று முதல் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத பொருளாகிவிட்டது.

ஏரி நீரைப் பார்க்கலாம். வாய்க்கால் உடைந்தால் கண்ணில் படும். மண்ணுக்கடியில் மூன்று அடியில் கிடக்கும் வார்ப்பிரும்புக் குழாயை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அதற்கென வந்ததுதான் குழாய் வரைபடம். இந்த மதில் மூலையிலிருந்து இத்தனை அடி, அந்த விளக்குக் கம்பத்திலிருந்து இத்தனை அடி, குழாயின் விட்டம் இத்தனை அங்குலம் என்று குறித்த தாள். பொறியாளர்கள் இதை ஆஸ்-பில்ட் டிராயிங் என்பார்கள்: திட்டத்தில் போட்டபடி இல்லாமல், உண்மையில் பதித்தபடி வரைந்த படம். பாறை குறுக்கிட்டதால் குழாய் வளைந்து போனால் படத்திலும் வளைய வேண்டும். சிக்கல் என்னவென்றால் மதில்களும் கம்பங்களும் குழாய் அளவுக்கு ஆயுள் கொண்டவை இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது மதில் இடிகிறது, கம்பம் நகர்கிறது. ஈயத்தை உருக்கி ஊற்றி இணைத்த குழாய் மட்டும் அடியில் அப்படியே கிடக்கிறது. அதற்கு வழிகாட்டிய அடையாளங்கள் மேலே இல்லாமற்போகின்றன.

அதோடு பெங்களூரு ஓர் ஊராக இருக்கவில்லை. பேட்டையும் கோட்டையும் மைசூர் அரசின் நகரம். அல்சூர், இன்றைய சிவாஜிநகர் என்று தமிழர்கள் நிறைந்திருந்த கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் கையில். 1949-இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. இரண்டு நகராட்சிகளின் கோப்புகள், இரண்டு வழக்கங்கள், ஒரே தண்ணீர்.

ஹெசரகட்டா 1920-களின் நடுவில் வறண்டு கைவிட்டது. மேற்கே அர்க்காவதியும் குமுதவதியும் கூடும் திப்பகொண்டனஹள்ளியில் அடுத்த அணை 1933-இல் எழுந்தது. 1964-இல் பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியம் பிறந்தது. ஊரார் வாயில் ஜலமண்டலி. அதன் கையில் வந்த பெரிய வேலை காவிரி.

1974-இல் காவிரி முதல் கட்டம் வந்தபோது நகரத்துக்குள் நீர் நுழையும் திசையே மாறியது. அதுவரை வடமேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த நீர் இப்போது தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தது. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று இடங்களில் பம்பு வைத்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் கட்டத்தில் நாளுக்கு 13.5 கோடி லிட்டர். 1982-இல் இன்னொரு 13.5 கோடி. 1993, 2002, 2012 என்று கட்டங்கள் தொடர்ந்து, மொத்தம் 145 கோடி லிட்டரானது. ஒவ்வொரு கட்டத்திலும் புதிய பெருங்குழாய்கள் பழைய வலைக்குள் தைக்கப்பட்டன. வடக்கிலிருந்து தெற்கே சரியும்படி யோசித்துப் போட்ட பழைய குழாய்களும், தெற்கிலிருந்து ஏறி வரும் நீருக்காகப் போட்ட புதிய குழாய்களும் ஒரே தெருவில் சந்தித்தன. எது எதோடு இணைகிறது, எந்த வால்வு எதைத் தடுக்கிறது என்பது சிக்கலான ஜடையாகிவிட்டது.

அந்த ஜடையைப் பிரிக்கத் தெரிந்தவர் வால்வ்மேன். பழைய நீர்கண்டியின் இடத்தில் நகரம் உட்கார வைத்த மனிதர். நீண்ட டி-வடிவ இரும்புச் சாவியோடு விடியலுக்கு முன்னே தெருவுக்கு வந்து, மூடியைத் தூக்கி, இத்தனை சுற்று என்று எண்ணித் திறப்பார். ஒரு சுற்றுக் கூடினால் மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் போகாது. குறைந்தால் பள்ளத்துத் தெருவார் சண்டைக்கு வருவார்கள். தாரின் அடியில் புதைந்துபோன வால்வு மூடி எங்கே என்று காலால் தட்டிப் பார்த்தே சொல்லும் ஆட்கள் அவர்களிடையே இருந்தார்கள். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் அலுவலகத்துக்கு மாலையும் பேச்சும் மிஞ்சின. அந்தத் தெருக்களின் அடிநிலம் அவர்களோடு வீட்டுக்குப் போனது. இந்த இழப்பை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை என்பதே பெரிய வேதனை.

இந்தச் சூழலில்தான் ஜிஐஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புவித்தகவல் முறை வந்தது. அமெரிக்காவின் மின்சார, எரிவாயு நிறுவனங்கள் 1960-களிலிருந்தே தங்கள் கம்பிகளையும் குழாய்களையும் கணினியில் ஏற்றிப் பார்த்திருந்தன. பெங்களூரில் இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு அரசின் உதவியோடு ஜலமண்டலி தன் குழாய் வலையைக் கணினியில் வரையத் தொடங்கியது.

வேலையின் முதல் கஷ்டம் குழாயில் இல்லை, பூமியில் இருந்தது. அதற்கு இருநூறு வருடப் பின்னணி உண்டு. 1802-இல் பரங்கிமலையில் தன் புகழ்பெற்ற நில அளவையைத் தொடங்குவதற்கு முன், 1800-இல் வில்லியம் லேம்ப்டன் எஃகுச் சங்கிலி பிடித்து ஏழு மைலுக்கு மேல் நேர்கோடு அளந்து பார்த்தது பெங்களூருக்குப் பக்கத்தில்தான். அவரும் அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டும் அளந்து திரட்டியதிலிருந்து பூமியின் வடிவத்துக்கு ஒரு கணக்கு உருவானது. இந்திய சர்வே துறையின் பழைய தாள்கள் அந்த எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை. செயற்கைக்கோளை நம்பும் ஜிபிஎஸ் கருவியோ வேறு கணக்கில் இயங்குகிறது. பெங்களூரின் ஒரே தெருமுனைக்கு இரண்டு கணக்கிலும் வரும் புள்ளிகள் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். பெரிய அணை எங்கே என்று காட்ட அது பரவாயில்லை. தெருவின் இடப்பக்கக் குழாயா வலப்பக்கக் குழாயா என்று கேட்கும் வேலைக்கு ஓர் அடி பிசகினாலும் தவறான இடத்தில் கடப்பாரை விழும். ஆகவே ஒவ்வொரு தாளையும் திரும்பப் பொருத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, பெரிய அளவில் வரைந்த வரைபடங்களும் வான்படங்களும் பாதுகாப்புத் துறையின் அனுமதி இல்லாமல் அப்போது கைக்கு வரவில்லை. 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கெனத் தனி வரிசைத் தாள்களை அறிவித்தது. 2021 பிப்ரவரியில்தான் பெரும்பாலான தடைகள் நீங்கின.

பிறகு குழாய்களின் முறை. சாதாரணப் படத்தில் குழாய் ஒரு கோடு. ஜிஐஎஸ்ஸில் அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு ஜாதகமே இருக்கிறது: என்ன விட்டம், வார்ப்பிரும்பா டக்டைல் இரும்பா பிவிசியா, எந்த ஆண்டு, எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது உடைந்தது. கோடுகள் சந்திக்கும் முனையில் உண்மையிலேயே இணைப்பு இருக்கிறதா, அல்லது ஒன்றின் மேல் ஒன்று தொடாமல் தாண்டிப் போகிறதா என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தில் இரண்டும் கூட்டல் குறி போலத்தான் தெரியும். மண்ணில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். இணைப்புகள் சரியாக ஏறியிருந்தால், ஒரு குழாய் வெடித்த நொடியில் எந்தெந்த வால்வுகளை மூட வேண்டும், எந்தத் தெருக்களில் நீர் நிற்கும் என்று கணினி சொல்லிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1993-இல் இலவசமாக வெளியிட்ட எபாநெட் போன்ற மென்பொருளில் போட்டால் எந்த முனையில் எவ்வளவு அழுத்தம் என்பதும் தெரியும்.

கோட்டின் மறுமுனையில் வீடு. பெங்களூரு வீட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் பில்லில் உள்ள ஆர்ஆர் நம்பர் நன்றாகத் தெரியும். புகார் சொல்லப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அந்த எண்ணை வரைபடத்தில் வீட்டோடு கட்டிவிட்டால் இரண்டு உண்மைகள் வெளியே வரும். குழாய் இருந்தும் எண் இல்லாத வீடுகள் தெரியும். எண் இருந்தும் இடிந்து மறைந்த வீடுகள் தெரியும். வருவாய்ப் பிரிவும் பொறியியல் பிரிவும் ஒரே ஊரைப் பற்றி வைத்திருந்த இருவேறு சித்திரங்கள் ஒன்றையொன்று முதன்முறையாகப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் வரைபடம் முடிவதற்குள் ஊர் மாறியது. 2007-இல் ஏழு நகரசபைகளும் ஒரு பேரூரும் 110 கிராமங்களும் சேர்ந்து பிருஹத் பெங்களூரு மாநகராட்சி உருவானது. இருநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் இருந்த நகரம் எழுநூறைத் தாண்டியது. புதிதாக வந்த வெளிவட்டத்தில் பஞ்சாயத்துகளின் ஆழ்துளைக் கிணறுகளும், லேஅவுட் போட்டவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பதித்த பிவிசி குழாய்களும் இருந்தன. அவற்றுக்குத் தாளில்கூடப் படம் கிடையாது.

அந்த நகரசபைப் பகுதிகளுக்கென்றே ஒரு பெரிய குடிநீர்த் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. குடியிருப்பவர்கள் முன்பணம் கட்டினார்கள். குழாய்கள் பதிந்தன. தண்ணீர்? பல இடங்களில் 2012-இல் காவிரி நான்காம் கட்டத்தின் இரண்டாம் பகுதி வரும்வரை ஆண்டுக்கணக்கில் வெறும் குழாய்கள்தான். வரைபடத்தை வாசிப்பவர் இதை மனதில் வைத்தாக வேண்டும். திரையில் அந்தத் தெருக்களுக்கும் நீலக்கோடு ஓடியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் வாழ்ந்தவர்கள் லாரித் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். குழாய் இருப்பதைக் காட்டும் படமும் தண்ணீர் வருவதைக் காட்டும் படமும் தனித்தனியானவை. ஒரு வாரியம் இரண்டையும் வைத்திருக்கக் கடமைப்பட்டது.

இரண்டாவது படத்துக்கான தேடல் கசிவிலிருந்து தொடங்கியது. நூறு கிலோமீட்டர் சுமந்து, 500 மீட்டர் தூக்கிக் கொண்டுவந்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனோடு நகரின் மேற்கு, மத்திய, தெற்குப் பகுதிகளில் இதைக் குறைக்கும் பணிகள் நடந்தன. வலையைச் சிறு சிறு வட்டாரங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் வாயிலிலும் மீட்டர் வைப்பது முறை. உள்ளே போன நீரையும் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் எவ்வளவு, எந்த வட்டாரத்தில் என்று தெரியும். கேட்க எளிது. வட்டாரத்தின் எல்லைக்கு வெளியே நீளும் ஒரே ஒரு மறந்துபோன குழாய் இருந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் கசிவைத் தேடிப் போனவர்கள் நள்ளிரவில் தெருவில் நின்று, குழாயின் ஓசையைக் கேட்கும் கருவியோடு, முதலில் வரைபடத்தைத் திருத்த வேண்டியிருந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பொறியியல் ஆசிரியர்கள், பெருங்குழாய்களில் ஓடும் நீரை மீட்டர் வழியே உடனுக்குடன் திரையில் காண வழிசெய்தார்கள்.

வால்வ்மேனின் அறிவைக் கைப்பேசிக்குக் கொண்டுவரவும் ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கி, ஹுப்பள்ளி-தார்வாடில் இயங்கிய நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனம் பெங்களூருக்கும் வந்தது. வால்வைத் திறந்ததும் வால்வ்மேன் தகவல் தருவார். அந்தத் தெருவார்க்குக் குறுஞ்செய்தி போகும். பெண்கள் நாளெல்லாம் குழாயடியில் காத்திருக்க வேண்டாம். நல்ல எண்ணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் பலனைக் கள ஆய்வில் அளந்து 2018-இல் வெளியிட்டபோது, வீடுகளில் பெரிய மாற்றம் தென்படவில்லை. வால்வ்மேன்கள் ஒவ்வொரு முறையும் தகவல் அனுப்பவில்லை என்பது காரணங்களில் ஒன்று. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பத்துப் பதினைந்து வால்வுகளுக்கு ஓடுகிற மனிதரிடம், சம்பளமும் மதிப்பும் கூடாமல் இன்னொரு வேலை சேர்ந்தால் எது முதலில் விடுபடும்? வரைபடத்தின் உயிர் அதன் கடைக்கோடி ஊழியரின் கையில் இருக்கிறது என்பதை அந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

தோண்டுகிறவர்கள் வேறு. பெங்களூரு மென்பொருள் நகரமானதும் ஒளியிழைக் கேபிள்களுக்காகத் தெருக்கள் கீறப்பட்டன. மெட்ரோ தூண்களுக்காகப் பெருங்குழாய்கள் இடம் பெயர்ந்தன. மின்சாரம், கழிவுநீர், எரிவாயு, தொலைபேசி என்று ஒவ்வொருவரும் தத்தம் படத்தைத் தம் மேசையில் வைத்திருக்க, அடுத்தவர் குழாயில் மண்வெட்டி விழுந்தது. டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் புதுப்பித்த சில சாலைகளில் குழாய்க்கும் கேபிளுக்கும் தனித்தனி வழி ஒதுக்கினார்கள். 2023 மார்ச்சில் மத்திய அரசு, தோண்டுவதற்கு முன் அடியில் யாருடைய குழாய் இருக்கிறது என்று விசாரிக்க நாடு முழுவதற்கும் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. கேட்டவருக்குப் பதில் சொல்ல, அந்தத் துறையிடம் சரியான படம் இருந்தால்தான் இது பலிக்கும்.

2024 கோடையில் வரைபடத்தின் வெள்ளையான பகுதிகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. நகரின் ஏறத்தாழ 14 ஆயிரம் அரசு ஆழ்துளைக் கிணறுகளில் பாதி வற்றிவிட்டதாக அரசே சொன்னது. குழாய் வலை எட்டாத வெளிவட்டம்தான் அதிகம் தவித்தது. லாரித் தண்ணீருக்கு விலை நிர்ணயிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது. நாளுக்கு 77.5 கோடி லிட்டர், 2007-இல் சேர்ந்த அதே 110 கிராமங்களுக்காக. பதினேழு ஆண்டுக் காத்திருப்பு.

இப்போது அந்த ஊர்களின் தெருக்களில் வீட்டு இணைப்புகள் கொடுக்கும் வேலை நடக்கிறது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியும் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. வார்டு எண்கள் மாறும், அலுவலகங்கள் மாறும், பழைய கோப்புகள் வண்டியேறும். குழாய்கள் எந்த எல்லையையும் பார்க்காமல் ஒரு மாநகராட்சியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

தெருவில் குழி திறந்து கிடக்கும் அந்த ஓரிரு நாட்களில் குழாயின் ஆழம், விட்டம், வளைவு, இணைப்பு எல்லாமே வெறுங்கண்ணுக்குத் தெரியும். ஜிபிஎஸ் கருவியோடு ஒருவர் பத்து நிமிடம் நின்றால் போதும். ஒப்பந்ததாரருக்குப் பணம் மீட்டர் கணக்கில் வருகிறது. படம் கடைசியில் ஒப்படைக்கும் காகிதம். சாலையை விரைவில் மூடச் சொல்லித் தெருவார் நெருக்குவார்கள், அதுவும் நியாயமே. மண் தள்ளி, ஜல்லி போட்டு, தார் ஊற்றிவிட்டால் அந்தக் குழாயை அடுத்து ஒருவர் நேரில் பார்ப்பது ஐம்பது வருடம் கழித்து, அது உடைந்து நீர் பீய்ச்சியடிக்கும் ஓர் இரவில்தான். அவர் கையில் அப்போது என்ன படம் இருக்கும் என்பது வெளிவட்டத் தெருக்களில் இந்த வாரம் தோண்டியிருக்கும் குழிகளின் ஓரத்தில் முடிவாகிக்கொண்டிருக்கிறது.